சுரங்கமா, பங்கரா, மதகா?

கேள்வி: உப்புவெளியில் எங்கள் வளவுக்கு மதில் கட்ட அத்திவாரம் வெட்டினபோது, மூன்றடி ஆழத்தில் கொங்கிரீட் மூடியோடு ஒரு வழி தெரிந்தது. அயலவர்கள் ‘சுரங்கம்’ என்கிறார்கள், மேசன் ‘பங்கர்’ என்கிறார். கிராம உத்தியோகத்தருக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். எந்தச் சொல்லை எழுதலாம் ஐயா?

பதில்: ‘சுரங்கம்’ என்று மட்டும் அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். திருகோணமலையில் அந்தச் சொல் வெளியே போனால் புதையல் கதையும் கூடவே போகும். பொழுதுபடுவதற்குள் அலவாங்கோடு நாலு பேர் உங்கள் படலையில் நிற்பார்கள்.

முதலில் அந்த வழிக்கு ஒரு வாயா, இரண்டு வாயா என்று யோசியுங்கள். இரண்டு வாய் இருந்தால்தான் அது சுரங்கம். அந்தச் சொல்லின் பழைய வடிவம் ‘சுருங்கை’. கிரேக்கத்தில் குழலைக் குறிக்கும் ‘சூரிங்ஸ்’ வடமொழியில் ‘சுருங்கா’ ஆகித் தமிழுக்கு வந்தது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. புல்லாங்குழலைக் கையில் எடுத்துப் பார்த்தால் பொருள் விளங்கும்: நீளமாக, உள்ளே வெறுமையாக, காற்று ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வர வேண்டும். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டையின் அகழியருகே யானைக் கூட்டம் போய்வரும் சுருங்கை வீதி வருகிறது. யானை நடக்கிற அளவு அகலம் என்றால், ஒளிந்து ஊரும் பொந்தை அந்தச் சொல் குறிக்கவில்லை என்பது தெளிவு. கனியம் எடுக்க வெட்டியதையும் நாம் சுரங்கம் என்றே சொல்கிறோம், பென்சில்கரி எடுக்கும் போகலைக் காரீயச் சுரங்கம் போல. அது பின்னாளில் விரிந்த பொருள்.

மேசன் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. பங்கர், அதாவது பதுங்குகுழி, ஆள் உள்ளே போய்க் குந்தியிருக்கும் இடம், எங்கேயும் கொண்டுபோய் விடும் பாதை அல்ல. உள்நாட்டுப் போர்க்காலத்தில் எங்கள் தலைமுறை வெட்டினது பனங்குற்றியும் மண்மூட்டையும் போட்டு மூடின குழி. கொங்கிரீட் என்றால் அதற்கும் முந்தியதாக இருக்கலாம்: 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்ட காலத்தில் திருகோணமலை பிரித்தானியரின் கடற்படைத் தளம். ஆனால் போர்த்துக்கேயர் காலத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் கட்டினது கல்லும் சுண்ணாம்பும்.

தண்ணீர் போகக் கட்டினதென்றால் மதகு. குளக்கட்டுக்குக் கீழே தண்ணீர் திறந்துவிடுவது துருசு. கந்தளாய்ப் பக்கத்து விவசாயி அதை ஒருநாளும் சுரங்கம் என்று சொல்லமாட்டார். உள்ளே அறை மட்டும் இருந்தால் நிலவறை. இயற்கையாக அமைந்த குகைக்கு முழை, பிலம் என்ற பழஞ்சொற்கள் உண்டு. நண்டும் எலியும் தோண்டுவது வளை. கள்வன் சுவரில் போடுவது கன்னம். கோணேசர் மலையில் நாம் எட்டிப் பார்க்கும் இராவணன் வெட்டு, பெயரே சொல்வதுபோல, மேலே திறந்த பிளவு. அதைச் சுரங்கம் என்று பயணிகளுக்குச் சொல்லிக் கொடுப்பதைக் கேட்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் நோகும்.

உங்களுடையது எதுவென்று இன்னும் தெரியாது. ஆகவே கடிதத்தில் முடிவைச் சொல்லாமல் கண்டதைச் சொல்லும் சொல் வேண்டும். ‘நிலக்கீழ்’ அதற்குப் பொருத்தம், நம் அலுவலகங்களுக்குப் பழகின சொல்லும்கூட. இப்படி எழுதுங்கள்: “மதிலுக்கு அத்திவாரம் வெட்டும்போது, நிலமட்டத்திலிருந்து சுமார் 3 அடி ஆழத்தில், கொங்கிரீட் மூடியுடைய நிலக்கீழ் வழியொன்று காணப்பட்டது. உள்ளே எவரும் இறங்கவில்லை. வேலை நிறுத்தப்பட்டுள்ளது.” வாயின் அகலத்தையும் அது எந்தத் திசைக்குப் போகிறது என்பதையும் சேருங்கள். மதகு என்று நீங்களே முடிவுகட்டி எழுதினால் விஷயம் பிரதேச சபையோடு நின்றுவிடும். பங்கர் என்றால் வெடிபொருள் இருக்கிறதா என்று பொலிஸ் பார்க்க வேண்டும். பழைய கட்டடம் என்றால் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு உரியது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம்.

“உள்ளே எவரும் இறங்கவில்லை” என்ற வரி உண்மையாக இருக்கட்டும். அடைபட்ட இடத்துக் காற்று ஆளை விழுத்தும், பழைய வெடிபொருளும் கிடக்கலாம். இன்றைக்கே வாயைப் பலகையால் மூடி, சுற்றிக் கயிறு கட்டி, பிள்ளைகளைக் கிட்டப் போகவிடாதீர்கள்.