பிளஃப் எப்போது எடுபடும்?

கேள்வி: இலவச சிப் போக்கர் டோர்னமென்ட் ஆடுகிறேன். மோசமான சீட்டை மறைத்துப் பெரிதாகப் பந்தயம் கட்டி பிளஃப் அடித்தால், யாராவது ஒருவர் அதே அளவு சிப் போட்டு கால் பண்ணிவிடுகிறார். எங்கே தவறு?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது, நீங்கள் இலவச சிப்போடு நிற்பது நல்லது. ஆனால் இழக்க ஒன்றுமில்லாதவர் சின்ன ஜோடி இருந்தாலே கால் பண்ணுவார். தொடக்கச் சுற்றுகளில் அவரிடம் பிளஃப் அடிப்பது காய்க்காத மாமரத்தில் கல்லெறிவதுதான்.

கணக்கைப் பாருங்கள். நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயத் தொகை (பாட்) 600 சிப். நீங்கள் 300 போட்டால், மூன்றில் ஒரு முறை எதிராளி ஃபோல்டு செய்தாலே, அதாவது சீட்டைப் போட்டு விலகினாலே, நட்டமில்லை. 600 போட்டால் பாதி முறை செய்ய வேண்டும். ஒருவர் ஃபோல்டு செய்யும் வாய்ப்பு 60 சதவீதம் என்றால் தாராளம். அதே மாதிரி மூன்று பேர் என்றால்? மூவரும் சேர்ந்து விலகுவது வெறும் 22 சதவீதம். உங்கள் தவறு பெரும்பாலும் இங்கேதான்.

ஃபிளாப்பில், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டு விழுந்ததும், உங்கள் கைச்சீட்டையும் சேர்த்து ஒரே இனத்தில் நான்கு சீட்டு சேர்ந்திருந்தால் துணிந்து போடலாம். கால் பண்ணினாலும் கடைசிச் சீட்டுக்குள் ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அமைய சுமார் 35 சதவீத வாய்ப்பு உண்டு. பரிசு இடத்துக்குச் சற்று முன், நடுத்தர ஸ்டாக் (கையிருப்பு சிப்) வைத்திருப்பவர்தான் அதிகம் பயப்படுவார், அவரைக் குறிவையுங்கள். கையிருப்பு 10 பிக் பிளைண்டுக்கு (ஒவ்வோர் ஆட்டத்திலும் சீட்டைப் பார்க்கும் முன் ஒருவர் போட வேண்டிய கட்டாயப் பந்தயம்) கீழே இருப்பவரை விட்டுவிடுங்கள், அவர் துணிந்துவிட்டவர்.