136-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தை ஆறேழு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. பெயரை வெளியிட வேண்டாம்.

எனக்கு 37 வயது, சென்னையில் மென்பொருள் வேலை. எடுத்த எதையும் நான் முடிப்பதில்லை, மீட்டிங்கில் கவனம் நிற்பதில்லை. கவனக்குறைபாடு இருக்குமோ என்று மனைவி வற்புறுத்தியதால் இரண்டு மாதம் முன்பு ஓர் உளவியலாளரிடம் போனேன். அவர் மற்ற சோதனைகளோடு வெக்ஸ்லர் என்கிற நுண்ணறிவுச் சோதனையும் வைத்தார். கவனக்குறைபாடு இல்லை என்று சொல்லிவிட்டார். ஐக்யூ 136 என்று வந்திருக்கிறது. ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன்.

முதலில் சந்தோஷமாக இருந்தது. ஒரு வாரத்தில் அது கோபமாக மாறிவிட்டது. இவ்வளவு இருந்தும் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? வயலின் ஒன்றரை வருடம் கற்றேன், வர்ணம் ஆரம்பித்ததும் விட்டுவிட்டேன். பாரசீகம் நான்கு மாதம். முதுகலை கணிதம் தபாலில் சேர்ந்து ஒரு தேர்வுகூட எழுதவில்லை. அலுவலகத்தில் பாதிப் பேர் வாயைத் திறக்கும்போதே எங்கே போய் முடிப்பார்கள் என்று தெரிந்துவிடுகிறது, பேச ஆளே இல்லை. அதிபுத்திசாலிகள் பெரும்பாலும் தனிமையிலும் மனச்சோர்விலும்தான் முடிகிறார்கள் என்று படித்தேன். வில்லியம் சைடிஸ் என்பவருக்கு 250-க்கு மேல் ஐக்யூ இருந்தும் குமாஸ்தாவாகச் செத்தாராம். இது சாபமா? ஏழு வயது மகளுக்கும் சோதனை செய்து பார்த்துவிடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகன்

---

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் கணக்கை முடித்துவிடலாம், ஏனென்றால் அந்த எண்ணைத் தங்கம் மாதிரி எடை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். 136 என்பது வரிசையில் ஓர் இடம், அவ்வளவுதான். உங்கள் வயதுக்காரர்களின் சராசரியை 100 என்று வைத்துக்கொண்டு, 15 புள்ளிக்கு ஒரு படியாகப் பிரிக்கிறார்கள். நூறு பேரில் 68 பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில் வந்துவிடுவார்கள், 130-ஐத் தாண்டுகிறவர்கள் சுமார் இரண்டு பேர். 136 என்றால் ஏறத்தாழ 120 பேரில் ஒருவர். உங்கள் அலுவலகத்தில் 1,200 பேர் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மாதிரி பத்துப் பேர் அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறார்கள். அதுவும் தேர்வு எழுதி வடிகட்டி எடுக்கும் இடம், கூடவே இருப்பார்கள். பேச ஆளே இல்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இந்தக் கணக்குதான் ஓடியது.

ஐக்யூவில் வருகிற 'க்யூ' என்றால் ஈவு (quotient), ஆரம்பத்தில் இது நிஜமாகவே ஈவுதான். மனவயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். பத்து வயதுப் பிள்ளை பன்னிரண்டு வயதுப் பிள்ளை செய்வதைச் செய்தால் 120. பெரியவர்களிடம் இது கேலிக்கூத்தாகிவிடும், 37 வயதில் 50 வயது ஆள் மாதிரி யோசிக்கிறவரை மேதை என்றா சொல்வது? அதனால் டேவிட் வெக்ஸ்லர் 1939-இல் பெரியவர்களுக்கான சோதனையைக் கொண்டுவந்தபோது வகுத்தலை விட்டுவிட்டு வரிசைக்கு மாறினார். பெயர் மட்டும் பழையதாகவே நின்றுவிட்டது. படியின் அளவும் எல்லாச் சோதனையிலும் ஒன்றில்லை. ரேமண்ட் கேட்டல் (Cattell) என்பவரின் சோதனையில் ஒரு படிக்கு 24 புள்ளி என்பதால், வெக்ஸ்லரில் 130 வாங்குகிற அதே ஆள் அங்கே 148 வாங்குவார். இணையத்தில் யாராவது தன் எண்ணைச் சொன்னால் எந்தச் சோதனை என்று கேளுங்கள், பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நான் உளவியலாளர் கிடையாது, அதனால் ரிப்போர்ட்டுக்குள் ரொம்பப் போகவில்லை. ஆனால் மொத்த எண்ணுக்குக் கீழே நான்கு எண்கள் இருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா? சொல்லறிவு 142, வேகம் 103. மனம் ஓடுகிற ஓட்டத்துக்குக் கையால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று உங்களுக்கு அடிக்கடி தோன்றுமே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று அவரிடமே கேளுங்கள். எனக்கு 136-ஐவிட இந்த இடைவெளிதான் சுவாரசியமாக இருந்தது.

அதற்காக எண்ணைப் பொய் என்று தூக்கிப்போடுகிறவர்களோடும் நான் சேரமாட்டேன். 1932-ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று ஸ்காட்லாந்தில், 1921-இல் பிறந்து பள்ளியில் இருந்த பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரையும், 87,000 பேருக்கு மேல், ஒரே நாளில் ஒரே சோதனை எழுத வைத்தார்கள். அந்தத் தாள்கள் பத்திரமாக இருந்தன. அறுபது, எழுபது வருடம் கழித்து அவர்களில் உயிரோடிருந்தவர்களில் சிலரைத் தேடிப்பிடித்து அதே சோதனையைத் திரும்ப வைத்தபோது, பதினோரு வயதில் முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் முன்னால்தான் நின்றார்கள். அதிக மதிப்பெண் எடுத்தவர்கள் சற்றுக் கூடுதல் காலம் உயிரோடும் இருந்தார்கள். ஆக, ஏதோ ஒன்றை இது அளக்கத்தான் செய்கிறது. ஆனால் நீங்கள் கேட்பது வேறு கேள்வி. இவ்வளவு இருந்தும் நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்கிறீர்கள். அந்தக் கேள்விக்குப் பல வருடம் பதில் தேடிய ஒருவரின் ஆராய்ச்சி இருக்கிறது.

லூயிஸ் டெர்மன், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம். 1921-இல் தொடங்கி கலிஃபோர்னியாவில் சுமார் 1,500 பிள்ளைகளைப் பொறுக்கினார், பெரும்பாலும் 135-க்கு மேல். நாளைய அமெரிக்காவை நடத்தப்போகிறவர்கள் இவர்கள்தான் என்று நம்பினார். அவர் 1956-இல் இறந்த பிறகும் மற்றவர்கள் தொடர்ந்தார்கள். பிள்ளைகள் நன்றாகவே இருந்தார்கள்: பட்டம், வேலை, உடல்நலம், எல்லாம் சராசரிக்கு மேல். மனம் பேதலித்த மேதைகள் கூட்டமாக வரவில்லை, உங்கள் சாபக் கதைக்கு அங்கேயே அடி விழுந்துவிட்டது. ஆனால் நோபல் பரிசு ஒருவருக்கும் வரவில்லை. வந்தது யாருக்குத் தெரியுமா? சிறுவயதில் இதே தேர்வை எழுதி, மதிப்பெண் போதாமல் வெளியே நின்ற இரண்டு பேருக்கு, வில்லியம் ஷாக்லிக்கும் லூயிஸ் ஆல்வரெஸுக்கும், இருவருக்கும் இயற்பியலில். அந்த ஷாக்லி பிற்காலத்தில் என்ன செய்தார் என்பது இன்னும் கொடுமை. ஐக்யூ நூறுக்குக் கீழே இருப்பவர்கள் கருத்தடை செய்துகொண்டால் பணம் தரலாம் என்று ஊர் ஊராகப் பேசினார். தன்னையே தவறவிட்ட அளவுகோலை இன்னொருவர் மேல் வைத்து அழுத்த ஒரு மனிதனுக்கு எப்படி மனம் வருகிறதோ.

டெர்மன் இன்னொன்றும் செய்தார். தன் ஆராய்ச்சியில் இருந்த ஆண்களில் மிகவும் முன்னேறிய நூற்றைம்பது பேரையும் பின்தங்கிப்போன நூற்றைம்பது பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஐக்யூவில் பெரிய வித்தியாசமே இல்லை. எடுத்ததை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது, இலக்கு என்று ஒன்று இருப்பது, குடும்பச் சூழல், இவற்றில்தான் வித்தியாசம். (பெண்களை அந்தப் பட்டியலில் சேர்க்கவே முடியவில்லை, பாதிப் பேர் வீட்டோடு இருந்தார்கள். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

என் கதையைச் சொல்கிறேன். பள்ளியில் என்னைக் கற்பூர புத்தி என்பார்கள். வகுப்பில் ஒருமுறை கேட்டால் போதும், வீட்டில் நோட்டைத் திறந்ததே கிடையாது. அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வேன், என் அப்பா என்னைவிடப் பெருமையாகச் சொல்வார். பி.எஸ்சி. கணிதத்தில் முதல் பருவத்தில் பகுப்பாய்வு என்று ஒரு தாள் வந்தது. ஒருமுறை கேட்டேன், புரியவில்லை. இன்னொரு முறை கேட்கலாம் என்கிற யோசனைகூட எனக்கு வரவில்லை தம்பி, ஏனென்றால் அப்படி ஒரு பழக்கமே இல்லை. இரண்டாம் முறை கேட்பது மந்தமானவர்களின் வேலை. 38 மதிப்பெண். எனக்கு மூளையே இல்லை, இவ்வளவு நாள் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று முடிவு கட்டினேன். எப்படியோ பட்டம் வாங்கி, வங்கித் தேர்வு எழுதினேன், எளிதாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக. முப்பது வருடம் அந்த வேலை. சுலபமாக வந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு, வராததையெல்லாம் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். எழுத்து ஒன்றுதான் விதிவிலக்கு, அதுகூட நாற்பது வயதுக்கு மேல்தான். அது எனக்கு எளிதாக வரவே இல்லை.

உங்கள் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். வயலின், பாரசீகம், கணிதம். புத்திசாலிக்கு எல்லாம் அலுத்துப்போகிறது என்று நீங்கள் விளக்கம் வைத்திருப்பீர்கள், நானும் வைத்திருந்தேன்.

இப்போது சைடிஸ். 250, 300 என்கிற எண்களெல்லாம் யாரோ சொல்ல யாரோ கேட்டது, சோதனைத் தாள் என்று எதுவும் இல்லை. 1898-இல் பிறந்தவர், தந்தை உளவியலாளர், மகனை வைத்துத் தன் கல்விமுறையை உலகத்துக்கு நிரூபிக்க நினைத்தவர். 11 வயதில் ஹார்வர்டில் சேர்ந்தார், அடுத்த ஆண்டே நாற்பரிமாண உருவங்களைப் பற்றி அங்குள்ள கணிதக்காரர்களுக்கு உரை நிகழ்த்தினார். பத்திரிகைக்காரர்கள் அன்றைக்குப் பிடித்தது, கடைசிவரை விடவில்லை. வளர்ந்த பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று, என்னைச் சும்மா விடுங்கள். கூட்டல் இயந்திரத்தில் கணக்குப் போடும் வேலைகளைத் தேடிப் போனார். டிராம் மாற்றுச் சீட்டுகளைச் சேகரித்தார், அதைப் பற்றிப் புனைபெயரில் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 1937-இல் ஒரு பத்திரிகை அவரைத் தேடிப்பிடித்து, மேதை எப்படிச் சீரழிந்திருக்கிறான் பாருங்கள் என்கிற மாதிரி எழுதியது. வழக்குப் போட்டார், பொதுமக்களுக்கு ஆர்வம் இருக்கிற மனிதர் என்று சொல்லி நீதிமன்றம் 1940-இல் கைவிரித்துவிட்டது. 46 வயதில் மூளையில் ரத்தக்கசிவால் இறந்தார்.

குமாஸ்தாவாகச் செத்தார் என்று நீங்களும் எழுதுகிறீர்கள். அதில் என்ன கேவலம்? டிராம் சீட்டில் ஒரு மனிதனுக்கு இருந்த சந்தோஷத்தை நாம் ஏன் தோல்விக் கணக்கில் எழுத வேண்டும்? அவரைப் படுத்தியது ஐக்யூ என்று எனக்குத் தோன்றவில்லை, அவரிடம் பாக்கி வசூலிக்க வந்துகொண்டே இருந்த ஊர்தான். நீங்கள் இரண்டு மாதமாக உங்களிடமே அப்படி வசூலுக்குப் போய் நிற்கிறீர்கள்.

தனிமையைப் பற்றி. அது இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன், சின்ன வயதில் ரொம்பவே உண்டு. ஆனால் எதிரே இருப்பவர் வாக்கியத்தை எங்கே முடிப்பார் என்று தெரிந்துவிடுவது பேச்சை நிறுத்தக் காரணமாகுமா? என் மாமியார் ஒரு புயல் கதையை முந்நூறு தடவை சொல்லியிருப்பார். எனக்குத் தகவல் சொல்லவா அவர் அதைச் சொன்னார்? இது எனக்கு விளங்கவே பல வருடம் ஆயிற்று, கற்பூர புத்தி இந்த விஷயத்தில் துளிகூட உதவவில்லை.

மகளுக்குச் சோதனை வேண்டாம். பள்ளியில் ஏதாவது கஷ்டப்படுகிறாள் என்றால், எழுத்து தடுமாறுகிறது, வகுப்பில் அழுகிறாள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். இந்தச் சோதனை பிறந்ததே அதற்காகத்தான். ஆல்ஃபிரெட் பினேயும் தியோடோர் சிமோனும் 1905-இல் பாரிஸில் இதை உண்டாக்கியது, சாதாரண வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குத் தனி உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்க. மேதைகளைத் தேடும் வேலை பிறகு அமெரிக்காவில் வந்து ஒட்டிக்கொண்டது.

சில வருடம் முன்பு உறவுக்காரப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு ஓர் அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். பினே-காமத் என்று நம் நாட்டுக்குத் தகுந்தபடி மாற்றிய பழைய சோதனை ஒன்று உண்டு, அறிவுசார் குறைபாட்டுக்கான சான்றிதழ் தருவதற்கு அங்கே அதைத்தான் பயன்படுத்தினார்கள். பெஞ்சில் எங்கள் பக்கத்தில் ஓர் அம்மா, மடியில் டிஃபன் டப்பாவோடு. போன தடவை பையனுக்கு 72 வந்துவிட்டதாம். அப்போது 70-க்குக் கீழே வந்தால்தான் சான்றிதழில் குறைபாட்டுச் சதவீதத்தை ஐம்பதுக்குக் குறையாமல் எழுதுவார்கள், சலுகைகள் கிடைக்கும் என்றார். "இந்தத் தடவையாவது குறைச்சலா வரணும்னு வேண்டிக்கிட்டு வந்திருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு, தன் பிள்ளையைப் பற்றி இப்படி வேண்டிக்கொண்டோமே என்று அவருக்கே தோன்றியதோ என்னவோ, அவன் தலையைத் தடவிக்கொடுத்தார். உங்கள் 136-ஐப் படித்தபோது எனக்கு அந்த 72 ஞாபகம் வந்துவிட்டது. அங்கே இரண்டு புள்ளிக்கு ஓர் அர்த்தம் இருந்தது.

சரி, வயலினுக்கு வருகிறேன். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் எல்லாம் ஒன்றரை வருடத்தில் முடித்து வர்ணத்துக்கு வந்திருக்கிறீர்கள், அது வேகம்தான். எந்த வர்ணம்? இரண்டாம் காலம் வாசிக்கச் சொன்னபோது கை நிற்கவில்லை, அப்போதுதான் விட்டீர்கள் என்று நினைக்கிறேன், தப்பாக இருந்தால் சொல்லுங்கள். வாத்தியார் இன்னும் இருக்கிறாரா? வாத்தியம் எங்கே, பரண் மேலா? இத்தனை வருடத்தில் தந்தி துருப்பிடித்திருக்கும், அதை மாற்றிவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா