தண்ணீர் குடிக்கப் பயமா, கழிப்பறைக்குப் போகப் பயமா?

கேள்வி: எனக்கு வயது 44. உட்லண்ட்சில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். காலையில் ஒரு தே குடித்துவிட்டுக் கிளம்பினால் மதியம் வரை தண்ணீர் குடிப்பதே இல்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு அடிக்கடி கழிப்பறைக்குப் போக முடியாது. இந்த ஆண்டில் இரண்டு முறை சிறுநீர்ப் பாதையில் கிருமித்தொற்று வந்துவிட்டது. "தண்ணீர் நிறையக் குடிங்க" என்கிறார்கள் மருந்தகத்தில். கைப்பேசியில் மணி அடிக்க வைத்தேன், இரண்டு லிட்டர் போத்தல் வாங்கினேன், ஒரு வாரத்துக்கு மேல் ஓடவில்லை. வேலை முடிந்து வந்து இரவில் மொத்தமாகக் குடித்தால் போதாதா? சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது என்கிறார் மாமியார், உண்மையா? இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் என் கணவரையும் இதே அளவு குடிக்கச் சொல்லலாமா?

பதில்: உங்களுக்கு மறதி ஒன்றும் இல்லை, அம்மா. பிள்ளைகளை விட்டு நகர முடியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குடித்தால் போக வேண்டும், போக வழியில்லை, அதனால் குடிப்பதில்லை. பேருந்து ஓட்டுநர்கள், பாதுகாவலர்கள், கடையில் கல்லாவில் நிற்பவர்கள் என்று பலரிடம் இதையே கேட்கிறேன். கைப்பேசி மணியால் இதைத் தீர்க்க முடியாது. பிள்ளைகள் வரிசையில் நிற்கும் நேரத்தில் அது அடிக்கும், நீங்கள் அணைத்துவிடுவீர்கள். நாலு நாளில் அந்தச் சத்தமே காதில் விழாது.

ஆகவே முதலில் கழிப்பறைக்கு வழி பண்ணுங்கள், தண்ணீரை அப்புறம் பார்க்கலாம். விழித்திருக்கும்போது மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். அடக்கி வைத்தால் சிறுநீர்ப் பையில் தங்கும் கிருமிகளுக்குப் பெருகுவதற்கு அவகாசம் கிடைத்துவிடும். உடன் வேலை செய்யும் ஆசிரியையிடம் பேசி, "நீ போகும்போது நான் பார்த்துக்கொள்கிறேன், நான் போகும்போது நீ பார்த்துக்கொள்" என்று நேரம் பிரித்துக்கொள்ளுங்கள். முதல்வரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், உங்கள் மருத்துவரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக் கொடுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

தண்ணீர் குடித்தால் தொற்று குறையுமா? அடிக்கடி தொற்று வந்துகொண்டிருந்த, ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகவே குடித்துக்கொண்டிருந்த 140 பெண்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. பாதிப் பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் இருந்தார்கள். ஓராண்டில் வழக்கம்போல் இருந்தவர்களுக்குச் சராசரியாக 3.2 முறை தொற்று வந்தது, கூடுதலாகக் குடித்தவர்களுக்கு 1.7 முறை. அந்தப் பெண்களுக்கு உங்களைவிட அதிக முறை தொற்று வந்திருந்தது. ஆனாலும் குடிக்கும் பழக்கம் ஏறக்குறைய உங்களுடையதுதான். மருந்தகத்தில் சொன்னதை வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள்.

எல்லாருக்கும் எட்டு குவளை என்ற கணக்கு ஒரு தோராயம்தான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெண்களுக்கு நாளைக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர் என்று சொல்கிறது. அதில் சோறு, ரசம், பழம் எல்லாவற்றிலும் உள்ள நீரும் சேர்த்தி. நம் ஊர்ப் புழுக்கத்தில் விளையாட்டுத் திடலில் பிள்ளைகளோடு ஓடினால் இன்னும் கொஞ்சம் வேண்டும். ஏசி அறையில் இருக்கும்போது தாகம் அவ்வளவாகத் தெரியாது என்பதால் தாகத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். உங்களுக்கு நான் சொல்வது: இப்போது குடிப்பதோடு அரை லிட்டர் கூட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னோர் அரை லிட்டர், அப்புறம் இன்னும் ஒன்று. சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் சரி. காலையில் முதலில் போவது அடர்ந்துதான் இருக்கும், அதை வைத்துக் கவலைப்படாதீர்கள். வைட்டமின் பி மாத்திரை சாப்பிட்டால் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும், அதையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனிப் பழக்கம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லேலி என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 96 பேரைக் கவனித்தார்கள். ஒவ்வொருவரும் "மதியச் சாப்பாட்டோடு ஒரு போத்தல் தண்ணீர்" என்பதுபோல ஒரு சின்னச் செயலைத் தேர்ந்தெடுத்துத் தினமும் செய்ய வேண்டும். அது யோசிக்காமலே நடக்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாளே போதும் என்றிருந்தது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நட்டம் எதுவும் இல்லை. நீங்கள் ஒரே வாரத்தில் கைவிட்டீர்கள். அது மிகவும் சீக்கிரம்.

மணிக்குப் பதிலாக, ஏற்கெனவே தினமும் செய்யும் வேலைகளோடு தண்ணீரைக் கட்டிப்போடுங்கள். பல் துலக்கியதும், தே குடிக்கும் முன், ஒரு குவளை. பள்ளிக்குப் போய்ப் பையை வைத்ததும் அரைக் குவளை. பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப்போகும் நேரம்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல வசதி. அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும்போது நீங்களும் குடியுங்கள், உடன் இருப்பவர் பார்த்துக்கொள்ள நீங்களும் போய் வாருங்கள். மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் தாராளமாகக் குடிக்கலாம், போகவும் ஆள் மாற்றிக்கொள்ளலாம். வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு முறை போய்விட்டு ரயில் ஏறுங்கள். ரயிலில் எதுவும் குடிக்கக்கூடாது என்பது தெரிந்ததுதான், அதனால் வீடு வந்ததும் ஒரு குவளை. கூட்டத் தொடங்கிய முதல் சில நாள் அடிக்கடி போக வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள், ஒரே மூச்சில் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் சமாளித்துவிடலாம்.

அந்த இரண்டு லிட்டர் போத்தலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பார்த்தாலே மலைப்பு, தூக்கவும் கனம். அரை லிட்டர் போத்தல் ஒன்று போதும், தீரத் தீரக் குழாயில் நிரப்பிக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமலே குடிக்கலாம். வெந்நீர், சீரகத் தண்ணீர் என்று எது பிடிக்கிறதோ அதுவும் தண்ணீர்தான்.

தேநீரும் காப்பியும்கூடக் கணக்கில் சேரும். காப்பி உடம்பில் உள்ள நீரை வற்றவைத்துவிடும் என்பது மிகைப்படுத்தல். தொல்லை, கோப்பையின் அடியில் கிடக்கும் டின் பாலிலும் சீனியிலும்தான். காப்பிக்கடையில் தே-ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று கேட்டுப் பழகுங்கள். டின் பானம் வாங்கினால், சீனி, நிறைவுற்ற கொழுப்பு அளவைக் காட்டும் நியூட்ரி கிரேடு எழுத்தைப் பாருங்கள். 'டி' என்றிருந்தால் பெரும்பாலும் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சீனி என்று பொருள்.

இரவில் மொத்தமாகக் குடிக்கும் யோசனை வேண்டாம். பகலெல்லாம் சிறுநீர்ப் பை காய்ந்து கிடக்கும், தூக்கமோ நள்ளிரவில் கெடும். படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே குடித்து முடித்துவிடுங்கள். மாமியார் சொல்வதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை, சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு குவளைத் தண்ணீர் செரிமானத்தைக் கெடுத்துவிடாது. நெஞ்செரிச்சல் உள்ள சிலருக்கு நிறையக் குடித்தால் அசௌகரியமாக இருக்கலாம், அவ்வளவுதான். இதற்காக வீட்டில் வாக்குவாதம் தேவையில்லை. அரை மணி நேரம் முன்னாலேயே குடித்துவிட்டு உட்காருங்கள்.

கணவர் விஷயத்தில் மட்டும் உங்கள் அளவைச் சொல்லாதீர்கள். இரத்த அழுத்த மாத்திரைகளில் சில, சிறுநீரைக் கூட்டுபவை. அவற்றைச் சாப்பிடும் சிலர் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றல், குழப்பம் வரலாம். இதயம் பலவீனமானவர்களும் சிறுநீரகம் பழுதானவர்களும் தண்ணீரைக் குறைக்க வேண்டியிருக்கும். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது மாத்திரை அட்டைகளை எடுத்துப்போய், "நான் எவ்வளவு குடிக்கலாம்?" என்று அவரே கேட்கட்டும்.

கடைசியாக ஒன்று. வந்துவிட்ட தொற்றைத் தண்ணீர் குணப்படுத்தாது. கொடுத்த மருந்தை முழுதாகச் சாப்பிட வேண்டும். காய்ச்சல், நடுக்கம், விலாவுக்குப் பின்பக்கம் வலி, சிறுநீரில் இரத்தம் என்று எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மூன்றாவது முறையும் தொற்று வந்தால், மருந்து தொடங்கும் முன், எந்தக் கிருமி என்று கண்டறியும் கிருமி வளர்ப்புச் சோதனைக்குச் சிறுநீரை அனுப்பச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரைப் பரிசோதனை செய்து நாளாகியிருந்தால் அதையும் அப்போதே செய்துவிடுங்கள். 40ஐத் தாண்டிவிட்டீர்கள், நம் இந்தியச் சமூகத்தில் நீரிழிவு அதிகம், அது இருந்தாலும் தொற்று திரும்பத் திரும்ப வரும்.