நார்ஸ் தெய்வங்கள் (வைக்கிங்குகள் கும்பிட்ட வடஐரோப்பியச் சாமிகள்): கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

அண்ணா, மார்வெல் படத்தில் லோகி இடித்தெய்வம் தோருக்குத் தம்பி. மூலக்கதையிலும் அப்படித்தானா?

இல்லை. லோகி, தோரின் அப்பாவும் தெய்வங்களின் தலைவருமான ஓடினோடு ரத்தம் கலந்து சகோதரனானவன். முறை பார்த்தால் தோருக்குச் சித்தப்பா! தோருக்குப் பொன்னிற முடியும் கிடையாது, சிவப்புத் தாடி.

ஓடினின் எட்டுக்கால் குதிரைக்கு லோகிதான் அப்பாவாமே?

அம்மா. பெண்குதிரையாக உருமாறிப் போய், குட்டியோடு திரும்பி வந்தான்.

சார், தோர் சேலை கட்டிய கதை ஒன்று உண்டாமே?

சேலை இல்லை, மணப்பெண் உடை. எனக்கு மிகப் பிடித்த கதை இது. த்ரிம் என்ற அரக்கன் தோரின் சம்மட்டியைத் திருடிப் புதைத்துவிட்டு, ஃப்ரேயா என்ற பெண்தெய்வத்தைக் கட்டிவைத்தால்தான் தருவேன் என்றான். அதைக் கேட்ட ஃப்ரேயா சீறிய சீற்றத்தில் கழுத்து ஆரமே தெறித்தது. சரி, தோருக்கே முக்காடு போட்டு அனுப்புவோம் என்று யோசனை சொன்னது ஹெய்ம்டால் என்ற தெய்வம். தோழியாகக் கூடப் போனது லோகி.

விருந்தில் ‘மணப்பெண்’ ஒரு முழு எருதையும் எட்டு சால்மன் மீனையும் தின்று, மூன்று பீப்பாய் தேன்மதுவையும் காலி செய்தாள். மாப்பிள்ளை மிரண்டான். “உங்கள் நினைப்பில் எட்டு ராத்திரியாகச் சாப்பிடவில்லை, பாவம்” என்று சமாளித்தான் லோகி. அப்புறம் சடங்குக்காகச் சம்மட்டியைக் கொண்டுவந்து பெண்ணின் மடியில் வைத்தார்கள். அத்தோடு கல்யாணம் முடிந்தது, மாப்பிள்ளையும்தான்.

டிர் என்ற தெய்வத்துக்கு ஏன் ஒரு கை இல்லை?

ஃபென்ரிர் என்ற ஓநாயைக் கட்டக் குள்ளர்கள் ஒரு நாடா செய்தார்கள். பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில், இவைதான் சரக்கு. ஓநாய்க்குச் சந்தேகம். “ஏமாற்றவில்லை என்றால் யாராவது என் வாயில் கை வையுங்கள்” என்றது. வைத்தவர் டிர் ஒருவர்தான். ஏமாற்றுகிறோம் என்று தெரிந்தேதான் வைத்தார். கட்டு இறுகியது, கை போனது. மற்ற தெய்வங்கள் சிரித்தார்களாம். எனக்கு அந்தச் சிரிப்புதான் உறுத்தும்.

செத்தால் எல்லாரும் ஓடினின் மண்டபமான வல்ஹல்லாவுக்கா?

போரில் விழுந்தவர்களில் பாதிப் பேர்தான் ஓடினுக்கு. மீதிப் பாதி ஃப்ரேயாவின் பங்கு. நோயிலும் முதுமையிலும் இறந்தவர்கள் இறந்தோர் உலகை ஆளும் லோகியின் மகள் ஹெல்லிடம் போவார்கள்.

ஆங்கிலக் கிழமைகளில் இவர்கள் பெயர் இருக்கிறதா?

இருக்கிறது. டியூஸ்டே டிர், வென்ஸ்டே ஓடின், தர்ஸ்டே தோர். ரோமானியரின் கோள் தெய்வங்களுக்குப் பதிலாக ஜெர்மானிய மக்கள் தங்கள் சாமிகளை வைத்துக்கொண்டார்கள். நம் வாரமும் அதே கோள் வரிசைதான். நீங்கள் குருவுக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்தும் நாள் அங்கே தோருடையது.

இதையெல்லாம் கும்பிட்டவர்களே எழுதிவைத்தார்களா?

அங்கேதான் சிக்கல். ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறியது 1000 வாக்கில். ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்ற ஐஸ்லாந்து அறிஞர் கதைகளைத் தொகுத்தது 1220 வாக்கில், அவரும் கிறிஸ்தவர். பழம்பாடல்களின் முக்கியச் சுவடி 1662இல் டென்மார்க் அரசருக்குப் போய், 1971இல்தான் ஐஸ்லாந்து திரும்பியது. சுவடியின் நடுவே எட்டுத் தாள்கள் காணோம்.

கும்பிட்டவர்கள் விட்டுப்போன பொருளைப் பார்க்க வேண்டுமென்றால், டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் மாக்கல்லில் செதுக்கிய ஒரு வார்ப்பச்சு இருக்கிறது. ஒரே கல்லில் சிலுவைக் குழியும் உண்டு, தோரின் சம்மட்டிக் குழியும் உண்டு. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் வந்தாலும் தட்டானுக்கு வியாபாரம்.