பெருநாள் கிழமையில் படுத்துவிடும் தளம்

கேள்வி: அண்ணா, மருதமுனைக் கைத்தறிச் சாரி, சாறன் விற்க வேர்ட்பிரஸ்ஸில் ஒரு தளம் வைத்திருக்கிறேன். 1 ஜிபி ரேம் உள்ள சர்வர். பெருநாள் நெருங்கினால் தளம் இழுக்கிறது. சில நாள் நடுச்சாமத்தில் 'டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை' என்று நின்றுவிடுகிறது. பெரிய சர்வருக்கு மாறட்டுமா?
- வாசகர், மருதமுனை

பதில்: இப்போதைக்கு வேண்டாம், தம்பி. முதலில் ஆக்சஸ் லாக்கை, அதாவது தளத்துக்கு யார் எப்போது வந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவை, திறந்து பாருங்கள். நடுச்சாமத்தில் யார் சாறன் வாங்க வருகிறார்கள்?

கல்லடியில் நான் பார்த்துக்கொடுத்த ஒரு டியூசன் வகுப்பின் தளமும் இப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது. நானும் ரேமைத்தான் கூட்டினேன். இரண்டு கிழமையில் மறுபடி விழுந்தது. பிறகுதான் லாக்கைப் பார்த்தேன்: வேர்ட்பிரஸ்ஸின் லாகின் பக்கத்துக்கு 'போஸ்ட்' (பாஸ்வேர்டை நிரப்பி அனுப்பும் கோரிக்கை), விநாடிக்கு மூன்று நான்கு தரம், விடியும்வரை அதே வரி. பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் பாட் நிரல்கள். படிக்கிற பிள்ளை ஒன்றுகூட அதில் இல்லை.

அப்படி ஒவ்வொரு முயற்சிக்கும் வேர்ட்பிரஸ்ஸை இயக்கும் பிஎச்பி ஓடும், டேட்டாபேஸைத் தட்டும். ஒரு பிஎச்பி புரொசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) 50 எம்பி தின்றால், 20 சேர்ந்ததும் உங்கள் 1 ஜிபி தீர்ந்தது. ரேம் தீர்ந்தால் சர்வரின் இயங்குதளமான லினக்ஸ் கூடுதலாகத் தின்னும் புரொசஸைக் கொன்றுவிடும். பெரும்பாலும் சாவது டேட்டாபேஸை நடத்தும் மைஎஸ்கியூஎல். நீங்கள் பார்த்த வாசகம் அதனால் வந்திருக்கலாம்.

உங்கள் வெப் சர்வர் நிரல் என்ஜின்எக்ஸ் என்றால் 'லிமிட் ரெக்' கட்டளையைப் போட்டு, லாகின் பக்கத்துக்கு ஒரு ஐபி முகவரியிலிருந்து நிமிடத்துக்கு 5 தரம் மட்டும் என்று கட்டுங்கள். வெளி நிரல்கள் வேர்ட்பிரஸ்ஸுக்குள் வரும் வழியான எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்பையும் அடைத்துவிடுங்கள். அந்த வழியே வேலை செய்யும் ஜெட்பேக் பிளகினைப் பாவித்தால் மட்டும் அதில் கை வைக்க வேண்டாம். பிஎச்பி புரொசஸ்களை நிர்வகிக்கும் பிஎச்பி-எஃப்பிஎம்மில் 'மேக்ஸ் சில்ட்ரன்' எண்ணை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை புரொசஸ் ஓடலாம் என்பதை, 8க்கு மேல் விடாதீர்கள். மிச்சப்பேர் வரிசையில் நிற்பார்கள். வரிசையில் ஒரு விநாடி நிற்பவர் சாரி வாங்கிவிட்டுப் போவார், விழுந்த தளத்தில் அவர் என்ன வாங்குவது? தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சுக்கும் பாஸ்வேர்டை நிறுத்திச் சாவிக் கோப்புக்கு மாறுங்கள்.

சரி, பெருநாள் கூட்டம். சாரியின் கரை வடிவாகத் தெரிய வேண்டுமென்று போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றியிருந்தால், 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, அளவில் சிறிய பட வடிவமான வெப்பியாக மாற்றுங்கள். கரை அப்போதும் தெரியும். அப்புறம் பக்கக் கேஷைப் போடுங்கள்: நூறு பேர் கேட்டாலும் ஒருதரம் செய்த பக்கத்தையே சர்வர் எடுத்துக்கொடுக்கும். ஆனால் கூடையும் பணம் கட்டும் பக்கமும் கேஷில் விழவே கூடாது. விழுந்தால் ஒரு வாடிக்கையாளரின் முகவரி இன்னொருவரின் திரையில் வந்து நிற்கும். கேஷைப் போட்ட அன்றே இரண்டு போனில் இரண்டு ஓடர் போட்டுப் பாருங்கள்.