பிரியாணி வித்து வீடு கட்டலாமா?

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல வீடு பத்திதான். மழை முடிஞ்சா நம்ம வேலூர் பக்கம் எப்பவும் இப்படித்தான், எந்த குடிசை ஒழுகிச்சு எந்த சுவரு சாஞ்சுதுன்னு டீக்கடையில இருந்து ரேஷன் கடை வரைக்கும் அதே பேச்சு. 2021 நவம்பர் மழையில பேர்ணாம்பட்டுல வீட்டு சுவர் இடிஞ்சு குழந்தைங்களோட சேத்து 9 பேர் போனதை இன்னும் யாரும் மறக்கல. அதனால ஏழைங்களுக்கு சின்னதா வீடு கட்டித் தர்ற டிரஸ்ட்டுங்களுக்கு காசு சேக்கிறது, கூட நின்னு வேலை பாக்கிறது பத்தி வந்த கேள்விங்களை மட்டும் இப்ப எடுத்துகினேன். மாமியார், முடி கொட்டுறது, தீபாவளி சீட்டு எல்லாம் அடுத்த இதழ்ல.

கேள்வி: யக்கா, எங்க தெருவுல பசங்க 20 பேர் இருக்கோம். கங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு வசூல்னா ஒரே வாரத்துல லட்சம் வந்துடுது. ஆனா குடிசையில இருக்கிற ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டுற டிரஸ்ட்டுக்குன்னு போய் நின்னா "இன்னாத்துக்குப்பா, கவர்மெண்ட்டு பாத்துக்கும்"னு கதவை சாத்துறாங்க. பிரியாணி போட்டு விக்கலாமான்னு ஒரு யோசனை. நடக்குமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: நடக்கும் தம்பி, நானே பண்ணி இருக்கேன், ஆனா முதல் தடவை நாங்க அடிச்ச கூத்தை கேட்டுட்டு அப்புறம் அடுப்பு மூட்டு. நல்ல ஞாயித்துக்கிழமையா பாத்து, ஆம்பூர்ல இருந்து மாஸ்டரை கூப்டு, சீரக சம்பா அரிசி வாங்கி, காலைல 10 மணிக்கு தம் போட்டாச்சு, வாசனை சத்துவாச்சாரி வரைக்கும் போகுது, ஒரு ஆளு வரல. அப்புறம் பூக்கார அம்மா ஒருத்தவங்க வந்து "ஏம்மா, புரட்டாசில யாரு வாங்குவா"ன்னு கேட்டப்பதான் உறைச்சுது, எங்க குழுவுல 11 பேரு, ஒருத்தரு கூட காலண்டர் பாக்கல! மசூதி தெரு பாய்ங்க வந்து வாங்கினாங்க, பொழச்சோம், அப்பவும் 40 பொட்டலம் மீந்து போச்சு.

ரெண்டாவது தடவை ஒழுங்கா பண்ணோம். 15 நாள் முன்னாடியே டோக்கன் வித்து காசு வாங்கிட்டோம், டோக்கன் எத்தனையோ அதுக்கு மட்டும்தான் அரிசி. ஒரு பொட்டலம் 150 ரூபா, 300 பொட்டலம், 45,000 வந்துச்சு, கோழி, அரிசி, மாஸ்டர் கூலி, விறகு, டப்பா எல்லாம் போக 15,000 சொச்சம் கையில நின்னுச்சு. இது கம்மியா தெரியும். ஆனா இப்படி பாரு, 300 சதுர அடி ரூஃபு, 5 இஞ்ச் கனம், 125 கன அடி காங்கிரீட்டு, அதுக்கு கிட்டத்தட்ட 30 மூட்டை சிமெண்ட் புடிக்கும். அந்த 15,000ல ரூஃபுக்கு வேண்டிய சிமெண்ட் மொத்தமும் வந்துடுச்சு. கம்பி, ஜல்லி, எம்-சாண்ட், செண்டரிங் கூலி எல்லாம் தனி, அது வேற கதை. பிரியாணி முழு வீட்டைக் கட்டாது, வீட்டோட ஒரு துண்டைக் கட்டும்.

வசூலுக்கும் அதே மாதிரி துண்டு துண்டாதான் கேக்கணும். "வீடு கட்ட நன்கொடை குடுங்க"ன்னா யாருக்கும் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. "அண்ணா, ஒரு மூட்டை சிமெண்ட் உங்க பேர்ல எழுதிக்கிறோம்", "அக்கா, வாசக்கால் உங்க வீட்டுது"ன்னு கேட்டு பாரு. சிரசுக்கு ஏன் குடுக்குறாங்க? பூ மாலை என்ன ஆச்சு, வாணம் எங்க வெடிச்சுதுன்னு அவங்களே கண்ணால பாக்குறாங்க. இங்கயும் மொய் நோட்டு மாதிரி ஒரு நோட்டு போடு, யாரு எவ்வளோ குடுத்தாங்க, எந்த கடையில என்ன வாங்கினோம், பில்லு நம்பர் என்ன, எல்லாம் எழுதி மாசத்துக்கு ஒரு தடவை ஒரு சார்ட்ல பெருசா எழுதி தெருமுனை டீக்கடை சுவத்துல ஒட்டு. நம்ம ஜில்லாவுல சீட்டுல போட்டு ஏமாந்தவங்க இல்லாத வீடே இல்ல, அதனால சந்தேகப்படுறாங்கன்னு கோச்சுக்காதே.

இன்னொண்ணு, யாரோ ஒரு பையன் ஜிபே நம்பருக்கு காசு வாங்காதீங்க. டிரஸ்ட்டோட கணக்குக்கே போற மாதிரி அவங்க க்யூஆர் அட்டையை வாங்கி வெச்சுக்கங்க. நல்ல பையனாவே இருந்தாலும் நாளைக்கு அவனுக்குதான் தலைவலி, கல்யாணத்துக்கு பைக்கு வாங்குனா கூட "வசூல் காசு"ன்னு ஒரு பேச்சு வரும்.

கேள்வி: நாங்க காட்பாடியில இருந்து பெங்களூருக்கு ஐடி வேலைக்கு போன செட். மாசத்துல ஒரு சனிக்கிழமை 25 பேரா ஊருக்கு வந்து ஒரு டிரஸ்ட்டோட சேந்து வீடு கட்டுற வேலை செய்யலாம்னு பிளான். உண்மையிலேயே யூஸ் ஆகுமா, இல்ல செல்ஃபிக்குதானா?

பதில்: கேள்வியிலேயே பாதி பதில் வெச்சு அனுப்பி இருக்கீங்க. 360 சதுர அடி மனையில 25 பேரு இறங்குனா அது வேலை இல்ல, திருவிழா. மேஸ்திரி பாவம், கரண்டியை கீழ வெச்சுட்டு உங்களுக்கு கலவை தூக்குற பாண்டு எங்க இருக்குன்னு காட்டிகினே மதியம் ஆயிடும், அவரோட அன்னிக்கு கூலி யார் தருவாங்க?

அதுக்காக வராதீங்கன்னு சொல்லல. 1976ல அமெரிக்காவுல ஜார்ஜியா பக்கம் ஆரம்பிச்ச ஹேபிடாட் ஃபார் ஹ்யூமானிட்டின்னு ஒரு அமைப்பு இருக்கு, அவங்க முறையே இதுதான், வீடு வாங்கப் போற குடும்பமும் வெளி ஆளுங்களும் சேந்து கல்லு தூக்கணும். ஜனாதிபதியா இருந்த ஜிம்மி கார்ட்டர் பல வருஷம் தானே சுத்தியல் புடிச்சாரு, 2006ல நம்ம நாட்டுக்கே வந்து லோனாவாலாவுல வீடு கட்டுற வேலையில நின்னாரு. அங்க ஜெயிச்சதுக்கு காரணம் கூட்டம் இல்ல, யாருக்கு எந்த வேலைன்னு முன்னாடியே பிரிச்சு வெச்சது.

நீங்க 5 பேர் 5 பேரா பிரிஞ்சு வாங்க. கடக்கால் தோண்டுற நாள், பேஸ்மட்டத்துக்குள்ள மண்ணு கொட்டி தண்ணி விட்டு திமுசு போடுற நாள், லாரில இருந்து கல்லு இறக்கி கைமாத்தி அடுக்குற நாள், இதுக்கெல்லாம் ஆளு வேணும், பழக்கம் வேணாம். சாரத்து மேல ஏறுறது, முட்டு பிரிக்கிறது, கரெண்ட் லைன் பக்கம், மூணும் கூடவே கூடாது.

யாருமே செய்ய வராத ஒரு வேலை இருக்கு, க்யூரிங். ரூஃபு போட்ட அன்னிக்கு எல்லாரும் போட்டோ எடுத்துட்டு போயிடுவாங்க, மறுநாள்ல இருந்து அந்த காங்கிரீட்டுக்கு 7 நாளாவது, இப்ப எல்லாரும் வாங்குற பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்ட்டுன்னா 10 நாளுக்கு குறையாம தண்ணி கட்டி ஈரமாவே வெச்சிருக்கணும். நம்ம ஊரு வெயிலுக்கு மேல பாத்தி கட்டி நிப்பாட்டுன தண்ணி மத்தியானத்துக்குள்ள பாதி ஆவியா போயிடும். ஆறு இருக்கு தண்ணி இல்லன்னு வேலூரை கிண்டல் பண்ணுவாங்களே, ஏப்ரல் மே மாசத்துல ரூஃபு போட்டு பாருங்க, கிண்டல் எல்லாம் மறந்துடும். அந்த பத்து நாளைக்கு டிராக்டர் தண்ணிக்கு காசு குடுத்து, காலைல ஒருத்தரு சாயந்திரம் ஒருத்தருன்னு ஊர்ல இருக்கிற உங்க தம்பி தங்கச்சிங்களை முறை போட்டு நிறுத்துனீங்கன்னா, 25 பேர் சட்டை போட்டு நின்ன போட்டோவை விட அந்த ரூஃபு ரொம்ப நாள் நிக்கும்.

கேள்வி: கலைஞரின் கனவு இல்லம், பிரதமர் வீடுன்னு கவர்மெண்ட்டே குடுக்கிறப்ப எதுக்கு தனியா டிரஸ்ட், வசூல்? காசு புடுங்கற வேலையா இருக்குமோன்னு டவுட். (அணைக்கட்டு வாசகர்)

பதில்: டவுட் வர்றது நியாயம். கனவு இல்லம் திட்டம் 2024ல வந்துச்சு, 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம். பிரதமர் திட்டம் 2016ல இருந்து, கிராமத்துல சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம், அதுக்கு மேல மாநில அரசும் போடும். கிடைக்கிறவங்க முதல்ல அதை வாங்கிடணும், டிரஸ்ட்டுகிட்ட வர வேண்டிய அவசியமே இல்ல.

சிக்கல் ரெண்டு இடத்துல. ஒண்ணு, அரசு பணம் மொத்தமா கைக்கு வராது, பேஸ்மட்டம் முடிஞ்சா இவ்வளோ, கதவு ஜன்னலுக்கு மேல வர்ற லிண்டல் போட்டா இவ்வளோன்னு வேலையைப் பாத்துதான் விடுவாங்க. முதல் காசு கையில இல்லாத கூலிக்கார குடும்பம் கடக்கால் எப்படி போடும்? வட்டிக்கு வாங்கும், அந்த வட்டி வீட்டை விட உயரமா வளரும். அந்த முதல் காசை கைமாத்தா குடுத்து, தவணை வந்ததும் திருப்பி வாங்கி அடுத்த குடும்பத்துக்கு குடுக்கிற டிரஸ்ட் நல்ல டிரஸ்ட். ஒரே காசு நாலு வீட்டுக்கு சுத்தும்.

ரெண்டாவது பட்டா. இதுல எனக்கே சூடு விழுந்திருக்கு. ஒடுகத்தூர் பக்கம் புருஷன் இல்லாத ஒரு அம்மா, ரெண்டு பொண்ணுங்க, நாங்க எல்லாம் சேந்து காசு சேத்து பேஸ்மட்டம் வரைக்கும் தூக்கிட்டோம். அப்பதான் பெங்களூருல இருந்து புருஷனோட சித்தப்பா மகன் வந்து மனை மேல நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு, "எங்க தாத்தா பேர்ல இருக்கிற இடம், என் பங்கு எங்க?"ன்னு. பாத்தா பட்டா தாத்தா பேர்லயேதான் இருக்கு, வாரிசு மூணு கிளை. எட்டு மாசம் அந்த பேஸ்மட்டத்து மேல ஆடு மேஞ்சுது. காசு குடுத்தவங்க என்னை மார்க்கெட்டுல பாத்தா "வீடு முடிஞ்சுதா?"ன்னு கேப்பாங்க, நான் கத்திரிக்கா விலை கேக்குற மாதிரி திரும்பிக்குவேன். கடைசியில ஊர்ப் பெரியவங்க உக்காந்து பேசி, மத்தவங்க பங்கை விட்டுக் குடுக்கிற விடுதலைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணி, பட்டா அந்த அம்மா பேருக்கு மாறின பிறகுதான் அடுத்த கல்லு வெச்சோம். தப்பு அந்தாளு மேல இல்ல, பேப்பர் பாக்காம கொத்தனாரைக் கூப்ட எங்க மேலதான்.

அதனால நீங்க காசு குடுக்கறதுக்கு முன்னாடி அந்த டிரஸ்ட்டுகிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "பட்டா யார் பேர்ல?" ஆன்லைன்லயே பட்டா பாத்துடலாம், வில்லங்கமும் போட்டு பாக்கலாம். ஏரி புறம்போக்குல வீடு கட்டித் தர்றோம்னு சொன்னா காசை பையிலயே வெச்சுக்கங்க, அங்க கட்டுனா அந்த குடும்பம் ரெண்டு தடவை வீடு இழக்கும்.

கேள்வி: துபாய்ல தம்பி இருக்கான், அமெரிக்காவுல அக்கா, அவங்க அந்த நாட்டு சிட்டிசன். ரெண்டு பேருமே குடுக்க ரெடி. எனக்கு வருமான வரியில கழிவும் வேணும். எப்படி? (ராணிப்பேட்டை)

பதில்: தம்பி இந்திய பாஸ்போர்ட்டுதானே, அவரு சொந்த சம்பாத்தியத்தை பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை கணக்குல வராது. அக்கா கதை வேற, வெளிநாட்டு சிட்டிசன் ஆன நம்ம ஆளுங்களுக்கு தர்ற ஓசிஐ கார்டு இருந்தாலும் அவங்க காசு வெளிநாட்டு காசுதான், வெளிநாட்டு நன்கொடை வாங்குறதுக்கான எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கிற டிரஸ்ட்டு மட்டும்தான் வாங்கலாம், அதுவும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல இருக்கிற அதுக்குன்னு தனி கணக்குல. "தம்பி கணக்குல போட்டுடு, அவன் அனுப்பிடுவான்"னு குறுக்கு வழி பாக்காதீங்க, மாட்டுறது டிரஸ்ட்டுதான்.

உங்க கழிவுக்கு, குடுக்கிறவங்களுக்கு வரிக் கழிவு கிடைக்கிற 80ஜி பதிவு அந்த டிரஸ்ட்டுக்கு இருக்கான்னு பாருங்க. ரொக்கமா 2000 ரூபாய்க்கு மேல குடுத்தா கழிவு கிடையாது, சிமெண்ட் மூட்டையா குடுத்தாலும் கிடையாது, புது வரி முறையில இருந்தாலும் கிடையாது.

கேள்வி: நான் பீடி சுத்துறேன். எனக்கு வீடு கட்டித் தர ஒரு குழு வந்திருக்கு. நல்லவங்கதான். ஆனா நான் குடிசை வாசல்ல நின்னு அழுற மாதிரி வீடியோ எடுத்தா காசு நிறைய வரும்னு சொல்றாங்க. எனக்கு கூச்சமா கீது. வேணாம்னா வீடு போயிடுமோன்னு பயமாவும் கீது. (பேர் வேணாம், பேர்ணாம்பட்டு)

பதில்: அம்மா, வேணாம்னு சொல்லுங்க. தைரியமா சொல்லுங்க, இந்த பக்கத்தைக் கிழிச்சு அவங்ககிட்ட காட்டியே சொல்லுங்க.

மொய் வெக்கிறவன் மாப்பிள்ளையை மேடையில அழ வெச்சா வெக்கிறான்? உங்க பசங்க ஸ்கூலுக்கு போகணும், அந்த வீடியோ உங்க பொண்ணு கிளாஸ்ல ஒரு போன்ல ஓடும், வீடு கட்டி முடிச்ச பிறகும் ஓடிகினே இருக்கும். காசு குடுக்கிறவங்களுக்கு காட்ட வேண்டியது சுவரு, பில்லு, ரூஃபு. உங்க மூஞ்சி இல்ல. அந்த குழுவுக்கு நான் சொல்றது: பேஸ்மட்டத்துக்கு ஒரு போட்டோ, லிண்டலுக்கு ஒண்ணு, ரூஃபுக்கு ஒண்ணு, ஒரே இடத்துல நின்னு எடுங்க, அதைப் பாத்தே காசு வரும், எங்களுக்கு வந்திருக்கு.

அப்புறம் "சும்மா வாங்கிக்கிறோமே"ன்னு ஒரு கூச்சம் உங்க எழுத்துல தெரியுது. தினமும் ஆயிரம் பீடி சுத்துற கைக்கு ரூஃபுக்கு தண்ணி ஊத்த தெரியாதா? மேல சொன்ன க்யூரிங் இருக்கே, அதை நீங்க ஏத்துக்கங்க. மேஸ்திரி ஒழுங்கா தூக்குகுண்டு புடிக்கிறாரான்னு நின்னு பாருங்க, வீட்டுக்காரம்மா பாக்கிற பார்வையே தனி, எந்த இன்ஜினியரும் அப்படி பாக்க மாட்டாரு.

கேள்வி: ரூஃபு போடுற அன்னிக்கு வேலைக்காரங்களுக்கு சாப்பாடு யாரு போடணும், வீட்டுக்காரங்களா, டிரஸ்ட்டா, வாலண்டியருங்களா? போன தடவை இதுலயே சண்டை வந்துடுச்சு. (பள்ளிகொண்டா)

பதில்: வீட்டம்மாகிட்ட முதல்ல கேளுங்க. "நான்தான் போடுவேன்"னு சொன்னாங்கன்னா, கூழோ பிரியாணியோ, விட்டுடுங்க, அது அவங்க வீடு. அவங்களால முடியலன்னா நீங்க அரிசி வாங்கிக் குடுங்க, சமைக்கிறது அவங்களா இருக்கட்டும். பிரியாணின்னு முடிவு பண்ணா கடைக்கு போறதுக்கு முன்னாடி புரட்டாசியான்னு ஒரு தடவை காலண்டர் பாத்துடுங்க.