எடை கூடிய ஸ்கிப்பிங் கயிறு: கைக்கு எவ்வளவு, காலுக்கு எவ்வளவு?

சாதாரண ஸ்கிப்பிங் கயிற்றை விட்டு எடை கூடிய கயிற்றுக்கு மாறினால் உடலுக்கு என்ன கூடுதல் நன்மை, தொப்பை விரைவில் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூன்று ஆண்டுகளாக இரு வகைக் கயிறுகளிலும் குதித்து வருகிறேன். நன்மை உண்டு. அதில் பெரும்பங்கு கைக்கும் தோளுக்கும் மூச்சுக்கும் சேர்கிறது. தொப்பைக்கென்று தனியாக எதுவும் இல்லை.

2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் பளுதூக்கித் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் இது. அதனால் எடை கூடக் கூடப் பலனும் கூடும் என்ற எண்ணம் எங்கள் தெருப் பிள்ளைகளிடம் ஆழமாக இருக்கிறது. ஆனால் பளு நேர்கீழாக இறங்குவது; காலும் முதுகும் அதைத் தாங்குகின்றன. கயிற்றின் எடையோ சுழல்வது. அது சுழலும்போது உங்கள் கைகளை வெளிப்புறமாக இழுக்கிறது; வேகம் இரு மடங்கானால் அந்த இழுப்பு நான்கு மடங்காகும். அந்த இழுப்புக்கு எதிராகப் பிடியை விடாமல் வைத்திருப்பதில்தான் விரல்கள், முன்கை, தோள்பட்டை, மேல்முதுகு ஆகியவற்றின் தசைகள் உழைக்கின்றன. அரைக் கிலோ கயிற்றில் இரண்டு நிமிடம் குதித்த பிறகு முன்கையைத் தொட்டுப் பார்த்தால் இது புரிந்துவிடும்.

கால்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 60 கிலோ உடலைத் தூக்கும் கெண்டைக்காலுக்கு அரைக் கிலோ ஒரு பொருட்டன்று. கயிறு மெதுவாகச் சுழல்வதால் நிமிடத்துக்கு விழும் குதிப்புகளும் குறைகின்றன. கொழுப்பைக் கரைப்பது மொத்த உழைப்பும் உணவுக் கட்டுப்பாடும்தான். சாதாரணக் கயிற்றிலேயே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை குதித்தால், 60 கிலோ எடையுள்ளவர் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 120 கலோரி செலவிடுகிறார். நடைப்பயிற்சியைவிட இது மும்மடங்குக்கு மேல்.

பலரும் சொல்லாத நன்மை ஒன்று உண்டு. எனக்கு மிகவும் உதவியதும் அதுவே. மெல்லிய பிளாஸ்டிக் கயிறு காற்றில் எங்கே இருக்கிறது என்பதே கைக்குத் தெரியாது. அதனால் புதிதாகப் பழகுபவரின் காலில் அடிக்கடி சிக்கும். கனமான கயிறு தலைக்கு மேல் ஏறுவதையும் கீழே இறங்குவதையும் கை உணர்ந்துகொண்டே இருக்கும். அந்த உணர்வில் தாளம் பிடிபடுகிறது. தாளம் பிடிபட்டால் இடையில் நிற்காமல் குதிக்க முடிகிறது. இடையில் நிற்காமல் குதிப்பதே நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் பயிற்சி.

வாங்கும்போது எடை கயிற்றிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பிடியில் மட்டும் எடை வைத்தவை மணிக்கட்டைச் சோர்வடையச் செய்யுமே தவிர, நான் சொன்ன சுழல் இழுப்பைத் தராது. தொடக்கத்துக்குக் கால் கிலோ போதும். கயிற்றின் நடுவே ஒரு காலால் மிதித்து நின்று இரு பிடிகளையும் மேலே இழுத்தால் அவை அக்குள் அளவுக்கு வர வேண்டும்.

முதல் மாதத்தில் நான் வெறும் சிமெண்டுத் தரையில், தேவைக்கு மீறி உயரமாகக் குதித்தேன்; முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை ஒட்டி எழுந்த வலியால் மூன்று வாரம் நிறுத்த வேண்டியதாயிற்று. தடித்த ரப்பர் பாய் விரித்து, முன்பாதத்தில் இறங்கி, முழங்காலைச் சற்றே மடக்கி, தரையிலிருந்து ஓர் அங்குலம் மட்டும் எழும்பத் தொடங்கிய பிறகு அந்த வலி வரவில்லை. முழங்கால் தேய்மானம், இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

நீங்களும் வேலூர்ப் பக்கம் என்றால், மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மாடித் தரை இரவு வரைக்கும் சூட்டை விடாது. விடியற்காலை ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள். முப்பது நொடி குதித்து முப்பது நொடி நிற்பதாகப் பத்துச் சுற்று, வாரத்தில் மூன்று நாள். முதல் மாதத்துக்கு அதற்கு மேல் வேண்டாம்.